பச்சை ஓலைக்குள் பதினாறு நாள்

போன மாதம் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒரு மேடம் வந்தார். கொரோனா ஊரடங்கில் ஒவ்வொருவரும் வாழ்க்கையில் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமாம். நல்லதாக இருந்தால் ஏதோ மலரில் போடுவார்களாம். ஒருத்தி சிக்கனம் என்றாள். இன்னொருத்தி, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதன் அருமை என்றாள். அந்த நாற்பது நாளில் அவள் தன் புருஷனை இரண்டு தடவை துடைப்பக்கட்டையால் அடித்தது தெருவுக்கே தெரியும். என் முறை வந்ததும், கபசுரக் குடிநீர் காய்ச்சக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். பாக்கெட்டைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டிக் கொதிக்க வைக்கிற வேலைக்குக் கைதட்டல்.

நிஜத்தைச் சொல்லியிருந்தால் அந்த மேடம் பேனாவை மூடிவிட்டு எழுந்து போயிருப்பார். அதனால் இங்கே சொல்கிறேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டிக்கொள்ளலாம். எனக்கு அது புதிதில்லை, நானே தினமும் செய்கிற வேலைதான்.

என் பெயர் வேல்விழி. விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்பக்கத் தெருவில் வீடு. என் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கிறவர். கரண்ட் கம்பத்துக்கான பீங்கான், ஃபியூஸ் கட்டை, கார்த்திகை வந்தால் அகல் விளக்கு, இதெல்லாம் அவர் கையில்தான் வெந்து வெளியே வரும். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், பிள்ளை இல்லை. இதைச் சொல்வதற்கு எனக்குக் கூச்சம் கிடையாது. கேட்கிறவர்களுக்குத்தான் என் முகத்தைப் பார்க்க முடியாமல் போகும்.

இரண்டாயிரத்து இருபது மே மாதம். கம்பெனி மூடி நாற்பது நாள் ஆகியிருந்தது. பாதி ஆட்களை வைத்துத் திறக்கலாம் என்று அனுமதி வந்ததும் முதலாளி இவருக்குப் போன் செய்து வரச் சொன்னார். கூடவே ஒரு வார்த்தையும் சொன்னார். வீட்டில் சென்னையிலிருந்து வந்த ஆள் யாராவது இருந்தால் இந்தப் பக்கம் தலை காட்ட வேண்டாம், அப்புறமும் வர வேண்டாம். அப்போது எங்கள் மாவட்டத்தில் கோயம்பேடு என்கிற பெயரே வசவாகிவிட்டிருந்தது. மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனவர்கள் எல்லாம் லாரி பிடித்து ஊர் திரும்ப, அவர்களோடு நோயும் வந்து இறங்கியது.

எங்கள் தெருவிலேயே ஆட்டோ ஓட்டுகிற விருத்தகிரி வீட்டுக்கு அவன் மச்சான் அப்படி வந்தான். மறுநாளே வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். பால்காரன் அந்த வீட்டைத் தாண்டும்போது வண்டியை வேகமாக ஓட்டினான். விருத்தகிரியின் பெண்டாட்டி பொழுது விடியும் முன்னே குழாயடிக்கு வந்து குடத்தை வைத்தாள். அந்தக் குடத்தைக் காலால் தள்ளி உருட்டிவிட்டது யார் தெரியுமா? நான்தான். அது சாக்கடையில் போய் விழுந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு போனாள். தெருவே என்னைத் தைரியசாலி என்றது.

அது நடந்து நாலாம் நாள் விடிகாலையில், காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரி ஒன்று பைபாஸ் ரோட்டில் நின்று ஒரு சின்னப் பெண்ணை இறக்கிவிட்டது. இவருடைய தங்கச்சி ராஜம்மாளின் மகள் இனியா. பன்னிரண்டு வயது, கொஞ்சம் உயரம். ராஜம்மாள் புருஷன் செத்தபிறகு கோயம்பேட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிற வேலைக்குப் போய் அங்கேயே ஒரு ரூம் எடுத்து இருந்தவள். இனியா கையில் ஒரு துணிப்பை. முகத்தில் கட்டியிருந்தது அவள் அம்மாவின் ஜாக்கெட் துணி.

அவள் வந்து சேர்ந்த பத்தாவது நிமிஷம் ராஜம்மாள் போன் செய்தாள். இவரிடம் பட்டன் போன், அதுவும் பாதி நேரம் சார்ஜ் இருக்காது. அதனால் அவள் எப்போதும் என் நம்பருக்குத்தான் கூப்பிடுவாள்.

"அண்ணி, எனக்கு இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. ஆம்புலன்ஸ் வருது. புள்ளைக்கு ஒண்ணும் இல்ல, நல்லாதான் இருக்குது. ரெண்டு வாரம் வச்சுக்கங்க அண்ணி. வந்து கூட்டிக்கிறேன்."

"அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்கமாட்டியா?" என்றேன்.

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவீங்கன்னுதான் அண்ணி கேக்கல," என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

நான் போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். இனியா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு திரௌபதி அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரௌபதி அக்கா பார்த்தால் ரேடியோவில் சொன்ன மாதிரி.

"யாரு வேலு அது, புதுசா?"

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை.

"நாத்தனார் பொண்ணுக்கா. அவங்கம்மா வேல செய்யிற எடத்துலயே மாட்டிக்கிச்சு, இது பெண்ணாடத்துல அவங்க பெரியப்பா வூட்டுல இருந்துச்சு. நேத்து பெரிய மனுசி ஆயிடுச்சு. தாய்மாமன் குடிசை கட்டணும் இல்ல? இந்த ஊரடங்குல நாங்க சீர் தூக்கிக்கிட்டு எங்க போறது? அதான் இங்கயே கூட்டிட்டு வந்துட்டோம்."

திரௌபதி அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நல்ல சேதி! அப்ப புள்ளைய ஏன் கெணத்தடியில நிக்க வச்சிருக்க? தீட்டோட எல்லாத்தையும் தொடப்போவுது. மொதல்ல ஓலைய வெட்டிப் போடச் சொல்லு உங்க வூட்டுக்காரர," என்றாள்.

அவள் சொன்னபிறகுதான் நான் சொன்ன பொய் எவ்வளவு பெரிய புதையல் என்று எனக்கே புரிந்தது. எங்கள் பக்கத்தில் பெண் பெரியவளானால் தாய்மாமன் பச்சைத் தென்னை ஓலை வெட்டி வந்து வீட்டுக்கு வெளியே குடிசை கட்டுவான். பதினாறு நாள் அவள் அதற்குள்தான். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். யாரும் தொடமாட்டார்கள், கிட்டே போகமாட்டார்கள். ஏன் அந்தப் பெண் தனியாக இருக்கிறாள் என்று ஒரு ஈ காக்கை கேட்காது. டி.வி.யில் டாக்டர்கள் தொண்டை கிழியச் சொன்னதெல்லாம் எங்கள் சடங்கில் ஏற்கனவே இருந்தது. பதினாறு நாளில் நோய் இருந்தாலும் போய்விடும், இவர் வேலையும் போகாது, வாசலில் தகரமும் வராது.

இவரிடம் சொன்னபோது வாயைப் பிளந்தார். "சின்னப் புள்ளடி அது. ஆவாத ஒண்ண ஆயிடுச்சுன்னு சொல்றதா?"

"ஆனா என்ன, ஆவலன்னா என்ன, யாரு வந்து பாக்கப்போறாங்க? தகரம் அடிச்சா சந்தோசமா? விருத்தகிரி பொண்டாட்டி மாதிரி நானும் சாக்கடையிலருந்து குடத்த எடுக்கணுமா?"

அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு தென்னை மரத்துக்குப் போனார். மத்தியானத்துக்குள் கொல்லையில் குடிசை நின்றது.

இனியாவை அதற்குள் உட்கார வைத்தேன். அவளுக்கு முகம் சிவந்து போயிற்று.

"அத்தை, எனக்கு இன்னும் ஆவல."

"எனக்குத் தெரியும். யாரு கேட்டாலும் ஆயிடுச்சுன்னு சொல்லணும். பெண்ணாடத்துலருந்து வந்தேன்னு சொல்லணும். அம்மா பேச்சே எடுக்கக் கூடாது. எடுத்தா மாமாவுக்கு வேல போயிடும், நாம மூணு பேரும் நடுத்தெருவுலதான் நிக்கணும். புரியுதா?"

"வெக்கமா இருக்குது அத்தை."

"வெக்கம் வயித்த நெரப்பாது," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்போது அது எனக்கு ரொம்பச் சாமர்த்தியமான பதிலாகத் தோன்றியது.

மறுநாளிலிருந்து சுவருக்கு மேலே பலகாரம் வர ஆரம்பித்தது. புட்டு, உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை. ஊரடங்கில் அரிசிக்கே திண்டாடிய வீடுகளிலிருந்துகூட வந்தது. சுகாதாரத்துறையிலிருந்து நெற்றியில் சூடு பார்க்கிற கருவியோடு தினமும் ஒரு பெண் வருவாள். "வெளியூர் ஆளு யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். கொல்லைக் குடிசையைக் காட்டினேன். ஓலையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "பாப்பாவுக்குச் சத்தா குடுங்கக்கா," என்று சொல்லிவிட்டுக் குடிசைப் பக்கம் ஒரு அடிகூட வைக்காமல் போய்விட்டாள். நான் கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். என் மூளைக்கு நான் ஐ.ஏ.எஸ். படித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் இனியாவுக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டரைக் கூப்பிடவில்லை. காய்ச்சல் மாத்திரையும் மிளகுக் கஷாயமும் ஓலைக்கு வெளியே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். மூன்று நாளில் விட்டுவிட்டது. அப்புறம் இரண்டு நாள் எனக்குக் கருவாடு வறுத்த வாசனைகூடத் தெரியவில்லை. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. இவர் தினமும் கம்பெனிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

ராஜம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து தினம் ஒரு தடவை கூப்பிடுவாள். ஸ்பீக்கரில் போட்டுப் போனை ஓலை இடுக்கில் வைப்பேன். முதல் வாரம் சாப்பாடு, தூக்கம் என்று பேசினார்கள். அப்புறம் ராஜம்மாளுக்கு ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. எட்டாம் நாள் பேசி முடித்ததும் இனியா "அம்மா, அம்மா" என்று சத்தமாக அழுதுவிட்டாள். திரௌபதி அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் வந்து என்னவென்று விசாரித்தாள். வயிற்றுவலி என்றேன். அன்றோடு போன் பேச்சை நிறுத்தினேன். ராஜம்மாள் கூப்பிட்டால் நானே பேசி வைத்தேன். இனியா கேட்டால் ரீசார்ஜ் தீர்ந்துபோச்சு என்றேன்.

பதினோராம் நாள் வியாழக்கிழமை. இவர் வேலைக்குப் போயிருந்தார். புது நம்பரிலிருந்து போன்.

"ராஜம்மாளோட அண்ணன் வீடுங்களா?" என்று ஒரு ஆண் குரல் கேட்டது. களைத்துப்போன குரல். "சாரிங்கம்மா. காலையில அஞ்சரைக்குத் தவறிட்டாங்க. ஒருத்தர் வர முடியும்னா பாஸ் வாங்கித் தரோம். முடியலன்னா ஒரு லெட்டர் எழுதி வாட்ஸப்புல அனுப்புங்க, நாங்களே அடக்கம் பண்ணிடுவோம். அட்ரஸ் சொல்லுங்கம்மா. உங்க ஊரு ஹெல்த் ஆபீஸுக்கும் தகவல் குடுக்கணும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என் காதில் நின்றது. அட்ரஸைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் தகரம் வந்துவிடும். பதினோரு நாள் கட்டிய கோட்டை ஒரே நிமிஷத்தில் விழுந்துவிடும். பொய் சொன்ன குடும்பம் என்று தெருவே காறித் துப்பும்.

"தப்பான நம்பருங்க," என்றேன்.

"அண்ணன் கொளஞ்சியப்பன்னு அவங்களே குடுத்த நம்பரும்மா இது."

"அப்படி யாரும் இங்க இல்ல. அந்தம்மா யாருன்னே எங்களுக்குத் தெரியாது."

அவர் "சரிங்கம்மா," என்று மட்டும் சொன்னார். நான் அந்த நம்பரைப் பிளாக் செய்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும், ஆனால் நடுங்கவில்லை.

வேலைக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல இத்தனை வருஷம் ஆனது. பதினெட்டு வருஷமாக ஒரு சடங்கு வீட்டிலும் என்னை முன்னால் நிற்க விட்டதில்லை. தட்டு எடுக்கக் கூப்பிடமாட்டார்கள். தண்ணீர் ஊற்றும் வரிசையில் நான் நின்றால் யாராவது வந்து, "வேலு, நீ போய்ப் பந்தியப் பாரேன்," என்பார்கள். இப்போது என் கொல்லையில் ஒரு குடிசை. தெரு முழுக்க என்னைக் கேட்டுத்தான் பலகாரம் வருகிறது. "உங்க வூட்டுலயும் ஒரு சடங்கு நடக்கணும்னு இருந்திருக்குது பாரு," என்று திரௌபதி அக்கா சொன்ன அன்று நான் அந்தக் குடிசையை நாலு தடவை சுற்றிவந்து பார்த்தேன். சாவுச் சேதி வந்தால் தண்ணீர் ஊற்ற முடியாது. பெற்றவள் செத்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது. எனக்கு அந்தப் பதினாறாம் நாள் வேண்டும்.

சாயங்காலம் இவர் வந்ததும் வழக்கம்போலக் கேட்டார். "தங்கச்சி போன் பண்ணுச்சா?"

"பண்ணுச்சு. மூக்குல ஏதோ மாட்டியிருக்காங்களாம். ரொம்பப் பேச வேணாம்னு டாக்டர் சொன்னாராம்."

"நான் ஒரு தடவ பேசட்டுமா?"

"பேசி மூச்சு வாங்க வைக்கணுமா? உங்க சூளைய மூடிட்டா நடுவுல திறந்து பாப்பீங்களா? திறந்தா எல்லாம் வெடிச்சிடும்னு நீங்கதானே சொல்வீங்க? இன்னும் அஞ்சு நாளு. அப்புறம் ஆற அமரப் பேசுங்க."

தொழிலை வைத்துச் சொன்னதும் அவருக்குச் சரியாகப் பட்டுவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான்தான் பரிமாறினேன்.

பதினாறாம் நாள் வந்தது. திரௌபதி அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் முகக்கவசத்தோடு வந்து தள்ளித் தள்ளி நின்றார்கள். இனியாவைப் பலகையில் உட்கார வைத்தோம். மஞ்சள் தண்ணீரை முதல் சொம்பு ஊற்றச் சொல்லி என் கையில் கொடுத்தார்கள். ஊற்றினேன். அந்த நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்துப் புண்ணியமில்லை. தாய்மாமன் சீராக என் கல்யாணப் புடவையை நான் கட்டிவிட்டேன், இவர் மாலை போட்டார். மாலை போடும்போது, "உங்கம்மா இருந்து பாக்கணும்டா கண்ணு," என்று மெதுவாகச் சொன்னார். தாய் செத்து ஐந்தாம் நாள், மகள் தலையில் பூவும் கையில் வளையலுமாக உட்கார்ந்திருந்தாள். அது தெரிந்த ஒரே ஆள் நான். ஆரத்தித் தட்டை நேராகப் பிடித்துச் சுற்றினேன்.

"அத்தை, அம்மாவுக்குப் போட்டோ அனுப்புங்க," என்று இனியா என் காதோரம் சொன்னாள்.

போனை எடுத்துப் படம் பிடித்தேன். விரலால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"அனுப்பிட்டேன்."

"பாத்துட்டாங்களா? ப்ளூ டிக் வந்துச்சா?"

"வந்துடுச்சு."

பதினாறு நாளில் அன்றுதான் அந்தப் பெண் சிரித்தாள். "அம்மாவுக்கு இந்தப் பொடவ பிடிக்கும்," என்றாள்.

ஓலையைப் பிரித்துக் கொளுத்தினோம். அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ராஜம்மாளை எப்படிச் சாகடிப்பது என்று, அதாவது எப்போது சொல்வது என்று, யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து இவர் ஒரு காகிதத்தோடு வந்தார். தங்கச்சியைக் கூட்டிவர இ-பாஸ் வாங்க முதலாளியிடம் கடிதம் கேட்டு வாங்கியிருக்கிறார். சடங்கு நடந்த வீடு என்பதால் முதலாளியும் எந்த ஊருக்கு என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கார் பேசிவிட்டேன், நாளைக்குக் காலையில் கிளம்புகிறேன் என்றார்.

வேறு வழியில்லை. சொன்னேன். போன் வந்ததிலிருந்து பிளாக் செய்தது வரை, ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் என்னை அடிக்கவில்லை. கையில் இருந்த காகிதத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். "என்னிக்கு?" என்று கேட்டார். போன வியாழக்கிழமை என்றேன். விரல்விட்டு எண்ணினார். "அப்ப நான் மாலை போட்டப்ப..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் சுவரில் தலையை மோதிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்தார். மூன்று நாள் வைத்திருந்தார்களாம். அப்புறம் மாநகராட்சிக்காரர்கள் எடுத்துப்போய் எரித்துவிட்டார்கள்.

"யாருமில்லாதவங்கன்னு எழுதியிருக்காங்களாம்," என்றார் என்னைப் பார்த்து. "அண்ணன் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கறப்ப, எந்தங்கச்சிய யாருமில்லாதவன்னு எழுதியிருக்காங்க."

மணிமுத்தாற்றில் தண்ணீர் இல்லை. யாரோ ஒருவருடைய நிலத்து பம்ப்செட்டில் இவர் தலை முழுகிவிட்டு வந்தார். இனியாவிடம் அவர்தான் சொன்னார். அவள் அழுவாள் என்று நான் கதவு ஜன்னலையெல்லாம் சாத்தி வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"எந்தக் கெழம மாமா?"

சொன்னார். அவளும் எண்ணினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ப்ளூ டிக் வந்துச்சுன்னு சொன்னீங்களே அத்தை."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

இப்போது தெருவில் யாருக்கும் தெரிய வேண்டாம், இரண்டு மாதம் போகட்டும், நெஞ்சுவலியில் போய்விட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று சொன்னதும் நான்தான். இவர் மறுக்கவில்லை. மறுநாள் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சூளைக்குக் கிளம்பிவிட்டார். நான் மட்டும் கல்நெஞ்சுக்காரி என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்த இரண்டு மாதம் இனியா சத்தமில்லாமல் சாப்பிட்டாள், சத்தமில்லாமல் போனில் பாடம் படித்தாள். ஆடி மாதம் திரௌபதி அக்கா சேதி கேட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தபோது, அவள் கட்டை மாதிரி நின்றாள். "பாவம், புள்ளைக்கு அழக்கூட வரல," என்றாள் திரௌபதி அக்கா.

அதன்பிறகு இனியா எங்கள் வீட்டோடு இருந்துவிட்டாள். சொன்ன வேலையைச் செய்வாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். நானும் என்னால் முடிந்ததைச் செய்தேன். பிடித்ததைச் சமைத்தேன், தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டேன். என் கை அவள் தலையில் படும்போது உடம்பைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்வாள். அவ்வளவுதான். காலம் போகப் போகச் சரியாகிவிடும் என்று நம்பினேன். எப்படியாவது ஒரு நாள் அவள் என்னிடம் ஏதாவது ஒன்றைத் தானாக வந்து சொல்வாள், அன்றைக்கு நான் மறுபடியும் மனுஷி ஆகிவிடலாம் என்று காத்திருந்தேன். என்ன ஆசை பாருங்கள்.

அடுத்த வருஷம் இரண்டாம் ஊரடங்கு வந்தது. ஒரு நாள் திரௌபதி அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் வேலு, உனக்கே இது நல்லாருக்குதா? வயசுக்கு வந்து ஒரு வருசம் ஆவுது அந்தப் புள்ள. நாப்கின் வாங்கித் தரக்கூடாதா நீ? மாசாமாசம் எங்க மருமவகிட்டதான் வந்து கேட்டு வாங்கிக்கிட்டுப் போவுது."

நான் அப்படியே நின்றுவிட்டேன். திரௌபதி அக்காவுக்கு அதில் ஒரு விசேஷமும் இல்லை. தெருவில் யாருக்கும் இல்லை. இனியா போன வருஷம் பெரியவள் ஆகவில்லை என்பது எனக்கும் இவருக்கும் அவளுக்கும்தான் தெரியும். நான் சொன்ன பொய் ஒருநாள் நிஜமாகும் என்பதை நான் சுத்தமாக மறந்தே போயிருந்தேன். ஒரு வீட்டில் ஒன்றாக உண்டு ஒன்றாக உறங்கியும் எனக்குத் தெரியவில்லை.

உள்ளே போனேன். இனியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப ஆச்சு?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்ன கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "பொங்கலன்னிக்கு," என்றாள்.

"பொங்கலன்னிக்கா? அன்னிக்குச் சாமிப் பானையில உன்னதானே அரிசி போடச் சொன்னேன்?"

"ஆமாம். சாமி குத்தம் ஆயிடுமோன்னு பயந்துக்கிட்டேதான் போட்டேன். வயிறு ரொம்ப வலிச்சுது. அப்புறம் பாத்ரூமுக்குள்ள ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். நீங்க வந்து கதவத் தட்டித் திட்டுனீங்க."

எனக்கு ஞாபகம் வந்தது. நல்ல நாளும் அதுவுமாகத் தண்ணீரை வீணடிக்கிறாயா என்று கத்தியிருந்தேன்.

கீழே உட்கார்ந்துவிட்டேன். "ஏன்டி, தனியா பயந்துக்கிட்டுக் கெடந்தியே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

இனியா உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க அத்தை?"

நான் வாயைத் திறந்தேன். கட்டிப்பிடித்திருப்பேன், பயப்படாதே என்று சொல்லியிருப்பேன், களி கிண்டித் தந்திருப்பேன், எத்தனையோ பதில்கள் வரிசையாக வந்து நின்றன. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் பொய். வாயை மூடிக்கொண்டு போய் வேலையைப் பார், வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.